ஒரு ரிங் விட்டு வை

1980களிலும் 90களிலும் அச்சடித்த விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை எதையாவது பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். பலவற்றில் தொலைபேசி எண்ணை ஒட்டி ‘பி.பி.’ என்று இரண்டெழுத்து இருக்கும். எண் கார்டுக்காரருடையது இல்லை என்பதற்கான அடையாளம் அது. எதிர்வீட்டு வாத்தியாருடையதாக இருக்கும், அல்லது கீழே இருக்கும் மளிகைக் கடையுடையதாக இருக்கும். கூப்பிடுகிறவர் முதலில் அந்த வீட்டாரிடம் குழைந்து பேசி, ‘மாடி வீட்டுக்காரரைக் கொஞ்சம் கூப்பிட முடியுங்களா’ என்று கேட்டுவிட்டு, மீட்டர் ஓடுவதைப் பார்த்தபடி ரிசீவரைக் காதில் வைத்துக் காத்திருக்க வேண்டும். சொந்த இணைப்புக்குப் பதிவு செய்தவர்கள் வருடக்கணக்கில் வரிசையில் நின்ற காலம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேசுவதற்கு அன்றைக்கும் வழி இருந்தது. தெருமுனையில் மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத் இருந்தது, ராத்திரி கட்டணம் கால்வாசியாகும் நேரம் வரை காத்திருந்து, கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, சிவப்பு எழுத்தில் ஏறும் தொகையைப் பார்த்துக்கொண்டே பம்பாய்க்கும் டெல்லிக்கும் பேசியவர்கள் ஏராளம். கையில் காசிருந்தால் பூத்திலிருந்து யாரையும் கூப்பிடலாம். ஆனால் பூத்தை நம்பி வாழ்கிறவரை அவசரத்துக்கு யாரும் கூப்பிட முடியாது. அதற்குத்தான் இன்னொரு வீட்டாரின் தயவு தேவைப்பட்டது.

கைபேசி உலகமெங்கும் பரவிய வரலாற்றைக் கருவி சிறுத்த கதையாகவும் விலை இறங்கிய கதையாகவும் சொல்வது வழக்கம். 1973 ஏப்ரல் 3 அன்று மோட்டோரோலா பொறியாளர் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்றபடி செங்கல் அளவு கருவியில் பேசினார். அதே நிறுவனம் பத்தாண்டு கழித்து விற்பனைக்குக் கொண்டுவந்த கைபேசியின் விலை 3,995 டாலர். 1991இல் ஃபின்லாந்தில் ஜி.எஸ்.எம். வந்தது, 2002இல் உலகில் கைபேசி இணைப்புகள் கம்பி வழித் தொலைபேசிகளின் எண்ணிக்கையைத் தாண்டின. இந்தக் கதையில் பொய் இல்லை. ஆனால் இது விற்றவர் பக்கத்துக் கதை. வாங்கியவர் பக்கத்தில் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஏழை நாடுகளில் கோடிக்கணக்கானோர் கைபேசி வாங்கியது நிறையப் பேசுவதற்காக இல்லை. பேசக் காசில்லாதபோதும் தன்னை ஒருவர் கூப்பிட முடியும் என்பதற்காக வாங்கினார்கள். கைபேசியின் பரவலுக்கு அடித்தளம் அந்த வசதிதான் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. அதற்கு முதல் சாட்சியாக நான் அழைப்பது மிஸ்டு காலை.

மிஸ்டு காலின் வம்சாவளி கைபேசியைவிடப் பழையது. 1840க்கு முந்தைய பிரிட்டனில் கடிதத்துக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுகிறவர்தான் கொடுத்தார். தூரத்துக்கு ஏற்ப அது ஏறும். ஏழைக் குடும்பத்துக்கு ஒரு கடிதம் என்பது அன்றைய சம்பளத்தில் பெரும்பகுதி. அதனால் உறையின் மேல் எழுதும் விதத்திலேயே சேதியை வைத்து அனுப்பினார்கள். பெயரை எழுதிய முறையும் மூலையில் போட்ட கோடும் ‘நலமாக இருக்கிறேன்’ என்று சொல்லிவிடும். வாங்குகிறவர் உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு ‘வேண்டாம்’ என்று தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு பெண் அப்படித் திருப்பிக் கொடுத்த கடிதத்துக்குக் கவிஞர் கோலரிட்ஜ் இரக்கப்பட்டுக் காசு கட்டியதாகவும், பிரித்துப் பார்த்தால் உள்ளே வெற்றுத்தாள் இருந்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். அனுப்புகிறவரே ஒரு பென்னி கட்டும் முறையை ரோலண்ட் ஹில் கொண்டுவந்ததற்கு இந்தத் தில்லுமுல்லும் ஒரு காரணம். இந்தியாவில் 1854இல் நாடு முழுவதற்கும் அரையணா என்ற சீரான கட்டணம் வந்தது. ஆனாலும் ‘பேரிங்’ தபால் நீடித்தது. தபால்தலை ஒட்டாமல் போட்டால் பெறுகிறவர் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும், அல்லது மறுத்துவிடலாம். மறுக்கும் முன் கையெழுத்தைப் பார்க்க யாரும் காசு கேட்கவில்லை. உள்ளே இருப்பதற்குக் காசு, மேலே இருப்பதற்குக் காசில்லை என்று எவர் விலை வைத்தாலும் சேதி உள்ளேயிருந்து மேலே ஏறிக்கொள்ளும். மிஸ்டு காலின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது.

தொலைபேசியில் உறை என்பது மணியோசை. நாம் பச்சைப் பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து வலைப்பின்னல் செய்கிற வேலை கொஞ்சமல்ல. கூப்பிடப்படும் எண் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தது, அந்தக் கருவி இப்போது எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்று தேட வேண்டும். அந்தப் பகுதிக் கோபுரங்கள் எல்லாம் ‘இங்கே இருக்கிறாயா’ என்று குரல் கொடுக்க வேண்டும். கருவி பதில் சொன்னதும் மணியடிக்க வைத்து, அழைப்பவரின் எண்ணைத் திரையில் காட்ட வேண்டும். இத்தனையும் நடந்து முடியும்வரை கணக்கு தொடங்குவதில்லை. எதிர்முனையில் எடுத்த பிறகுதான் காசு ஓடும். கம்பித் தொலைபேசியிலும் இதே விதிதான். அதனால்தான் ‘ஊர் போய்ச் சேர்ந்ததும் ரெண்டு மணி அடிச்சு வச்சிடு’ என்ற ஏற்பாடு அப்போதே இருந்தது. ஆனால் அந்த மணி ஊமை மணி. யார் அடித்தது என்று சொல்லாது. பேருந்து கிளம்பிய நேரத்தை வைத்து வீட்டில் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். கைபேசியின் சின்னத் திரை இந்த ஊமை மணிக்கு வாய் கொடுத்தது. அடித்தது யார், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்பதெல்லாம் பதிவாகி நின்றது. காசே இல்லாமல் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றை உலகின் எந்த மூலைக்கும் அனுப்பலாம் என்றானது. இந்த வசதியை எந்த நிறுவனமும் திட்டமிட்டுக் கொடுக்கவில்லை. பில் போடும் முறையில் ஒரு சந்து இருந்தது. ஜனங்கள் அதற்குள் புகுந்துகொண்டார்கள்.

அதுவும் ஒரே சமயத்தில், ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்காமல், உலகம் முழுவதும் புகுந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். இலங்கையில் இதற்கு ‘ரிங் கட்’ என்று பெயர். இத்தாலியில் ‘ஸ்குவில்லோ’, அரபு நாடுகளில் ‘ரன்னா’, கென்யாவிலும் நைஜீரியாவிலும் ‘ஃப்ளாஷ்’, ருவாண்டாவில் ‘பீப்’. பிலிப்பைன்ஸில் ‘மிஸ்கோல்’ என்ற சொல்லை 2007இன் ஆண்டுச் சொல்லாகவே தேர்ந்தெடுத்தார்கள். ருவாண்டாவில் இந்தப் பழக்கத்தை ஆராய்ந்த ஜொனாதன் டானர் 2007இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று வகை காண்கிறார்: என்னைத் திருப்பிக் கூப்பிடு என்பது ஒன்று; முன்பே பேசிவைத்துக்கொண்ட சேதி இன்னொன்று; சும்மா உன்னை நினைத்தேன் என்பது மூன்றாவது. யார் யாருக்கு பீப் செய்யலாம் என்பதற்கு அங்கே எழுதாத சட்டமும் இருந்தது. வசதியுள்ளவர்தான் காசு கட்டிப் பேச வேண்டும்; ஒரு பெண்ணின் மனதைக் கவர நினைக்கும் ஆண் அவளுக்கு பீப் செய்யவே கூடாது. தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. ஒரு ரிங் விட்டால் கிளம்பிவிட்டேன், இரண்டு விட்டால் வந்துவிட்டேன், கீழே இறங்கி வா. கல்லூரி விடுதியிலிருந்து பிள்ளை அப்பாவுக்கு மிஸ்டு கால் கொடுக்கலாம், அப்பா பிள்ளைக்குக் கொடுத்தால் ஊரே சிரிக்கும். சித்தாள் மேஸ்திரிக்குக் கொடுக்கலாம். கைமாற்றுக் கேட்கப் போகிறவர் கொடுத்தால் காரியம் கெட்டது. அந்தஸ்து, வயது, உரிமை, கடன் எல்லாவற்றையும் எடைபோட்ட பிறகே அந்த ஒற்றை மணி அடிக்கப்பட்டது.

இனி இந்தியக் கட்டண வரலாற்றுக்கு வருவோம், ஏனென்றால் வழக்கின் முக்கிய ஆதாரம் அங்கேதான் இருக்கிறது. தெற்காசியாவின் முதல் கைபேசிச் சேவை 1989இல் இலங்கையில் தொடங்கியது. இந்தியாவின் முதல் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்று இரண்டு நிறுவனங்கள் உரிமம் பெற்றன. அன்றைய கட்டணம் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை போனது. கூலியாள் ஒருவரின் ஒரு நாள் சம்பளம் சில நிமிடங்களில் கரைந்துவிடும். அதைவிடப் பெரிய தடை இன்னொன்று: கூப்பிட்டவர் மட்டுமின்றி எடுத்தவரும் காசு கட்ட வேண்டும். ஆகவே கைபேசி வைத்திருந்தவர்கள் எண்ணை ரகசியம் போலப் பொத்தி வைத்தார்கள். அழைப்பு வந்தால் திரையில் எண்ணைப் பார்த்துத் துண்டித்துவிட்டுப் பக்கத்தில் கம்பித் தொலைபேசி எங்கே என்று தேடினார்கள். இந்தியாவின் முதல் தலைமுறை மிஸ்டு காலை உண்டாக்கியவர்கள் இப்படிப்பட்ட பணக்காரர்களே என்பது சற்று வேடிக்கை. எண்ணிப் பாருங்கள், உங்களை யார் எப்போது கூப்பிட்டாலும் உங்கள் பையிலிருந்து காசு போகும் என்றால் அந்தக் கருவியை எந்தத் தச்சரோ கொத்தனாரோ வாங்கி வைப்பார்? அவருக்குப் பழைய ‘பி.பி.’ எண்ணே மேல்.

கூப்பிடுகிறவர் மட்டும் கட்டட்டும் என்ற முறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 1999இலேயே கொண்டுவரப் பார்த்தது. கைபேசி வைத்திருக்கும் சிலருக்காகக் கம்பித் தொலைபேசிக்காரர்கள் ஏன் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்ற எதிர்ப்பு எழுந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2000 ஜனவரியில் அந்த விதியை ரத்து செய்தது. அன்றைய நிலையில் எதிர்த்தவர்களின் வாதத்தில் நியாயமும் இருந்தது. கைபேசி அப்போது வசதியானவர்களின் சாமான். பிறகு 2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். கைபேசிச் சேவையுடன் வந்தது. டிசம்பரில் ரிலையன்ஸ் வந்தது. 2003 மே முதல் புதிய கட்டண ஒழுங்கு நடைமுறைக்கு வந்து உள்வரும் அழைப்புகள் இலவசமாயின. 2003 மார்ச்சில் நாட்டில் இருந்த கைபேசி இணைப்புகள் ஏறத்தாழ 1.3 கோடி. 2004இலேயே அவை கம்பித் தொலைபேசிகளை முந்திவிட்டன. 2008 மார்ச்சில் 26 கோடி. ஐந்து ஆண்டில் இருபது மடங்கு. மிஸ்டு காலும் இந்த ஐந்து ஆண்டில்தான் திசை மாறியது. முன்பு எடுக்க வேண்டியவர் துண்டித்தார். இப்போது கூப்பிட்டவர் துண்டித்தார்.

இதற்குக் கைகொடுத்த இன்னொரு ஏற்பாடு முன்பணம். போர்ச்சுகலில் 1995இலும் தென்னாப்பிரிக்காவில் 1996இலும் ப்ரீபெய்டு கைபேசி தொடங்கியபோது, வங்கிக் கணக்கும் முகவரிச் சான்றும் இல்லாதவர்களுக்குக் கடனுக்குச் சேவை தர முடியாது என்பதற்கான மாற்றாகத்தான் அதை எண்ணினார்கள். இங்கே அது பெட்டிக்கடைக்குள் புகுந்து வேறு உரு எடுத்தது. வாழைத்தாருக்கும் பாக்குச் சரத்துக்கும் நடுவே ரீசார்ஜ் கார்டுகள் சரமாகத் தொங்கின. எட்டணா நாணயத்தால் வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, நீண்ட எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தி, ‘ஏறிடுச்சா’ என்று கடைக்காரரையே கேட்ட காட்சி எந்த ஊரிலும் உண்டு. பிறகு கார்டும் போய் ‘ஈசி’ ரீசார்ஜ் வந்தது. நோட்டுப் புத்தகத்தில் எண்ணை எழுதிப் பத்து ரூபாய் கொடுத்தால் வரியும் கட்டணமும் போக ஏழு ரூபாய் சொச்சம் ஏறும். அந்த ஏழு ரூபாயை ஒரு மாதம் செலவழிக்காமல் வைத்திருப்பதுதான் சாமர்த்தியம். 2005 டிசம்பரில் தனியார் நிறுவனங்கள் 999 ரூபாய்க்கு ‘லைஃப் டைம்’ இணைப்பை விற்கத் தொடங்கின. அதில் விற்கப்பட்ட சரக்கு என்ன என்று பார்க்க வேண்டும். பேசும் நிமிடங்கள் அதில் அற்பம்; பேசினால் நிமிடக் கட்டணம் மற்றத் திட்டங்களைவிடக் கூடுதல். இனி மாதாமாதம் ரீசார்ஜ் செய்யாவிட்டாலும் உங்களுக்கு அழைப்பு வந்துகொண்டிருக்கும் என்ற ஒரே வாக்குறுதிக்கு ஜனங்கள் ஆயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்தார்கள். கூப்பிடப்படும் உரிமைக்குச் சந்தையில் என்ன மதிப்பு என்று கேட்பவருக்கு இதைவிட நேரடியான விடை வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். கட்டண முறை எல்லாம் அப்புறம். போட்டியும் மலிவான கருவியும்தான் காரணம் என்பார்கள். 2003இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் போன் கொடுத்தது. அதே ஆண்டு வந்த நோக்கியா 1100, தூசி புகாத பொத்தான்களும் தலையில் ஒரு டார்ச்சுமாக, உலகில் 25 கோடிக்கு மேல் விற்றது. கருவி மலிந்தது பெரும் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்ட நோக்கியா ஆலையே அந்தப் பெருக்கத்தின் நினைவுச்சின்னம். ஆனால் கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு. கடன் வாங்கியோ சீட்டுப் பணத்திலோ, செகண்ட் ஹாண்டிலோ அதைச் சமாளித்துவிடலாம். மாதாமாதம் அதை உயிரோடு வைத்திருப்பதுதான் சங்கடம். 2000 வாக்கில் மேற்கு ஐரோப்பாவைவிடப் பணக்கார நாடான அமெரிக்கா, கருவிக்குப் பஞ்சமில்லாத அமெரிக்கா, கைபேசிப் பரவலில் ஐரோப்பாவுக்குப் பின்னால் நின்றது. ஐரோப்பாவில் கூப்பிட்டவர் கட்டினார். அமெரிக்காவில் எடுத்தவரும் கட்டினார். அங்கே உள்ளூர்க் கம்பித் தொலைபேசி கிட்டத்தட்ட இலவசம் என்பதும், கைபேசித் தொழில்நுட்பங்கள் பலவாறாகப் பிரிந்து கிடந்தன என்பதும் மற்றக் காரணங்கள். முழுப் பழியையும் கட்டண முறைமேல் போடுவது தவறு. ஆனால் மலிவும் வசதியும் மட்டுமே போதுமென்றால் அமெரிக்கா முன்னே நின்றிருக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. இந்திய வீடுகளில் 63.2 சதவீதத்தில் தொலைபேசி இருந்தது, வளாகத்துக்குள் கழிப்பறை இருந்தது 46.9 சதவீதத்தில். கழிப்பறை இல்லாதவனுக்குக் கைபேசி கேட்கிறதா என்று அப்போது எழுந்த ஏளனம் கணக்குத் தெரியாத ஏளனம். கழிப்பறைக்கு இடமும் தண்ணீரும் மொத்தப் பணமும் வேண்டும். கைபேசியைப் பத்துப் பத்து ரூபாயாக வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது மறுப்பு கல்வியுலகிலிருந்து வருவது, கனமானது. கைபேசியால் ஏழைக்குக் கிடைத்த நன்மை என்றாலே பொருளாதார அறிஞர்கள் கேரளத்து மத்தி மீனை எடுத்து வைப்பார்கள். ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. 1997 ஜனவரி 14 அன்று வடகரைக் கடற்கரையில் பதினொரு மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் பிடித்த மீனைக் கொட்டினார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்றச் சந்தைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் திரும்பவிருந்தார்கள். அந்த ஆண்டு முதல் 2001 வரை கடலோரம் கோபுரங்கள் எழுந்தன. கரையிலிருந்து 20, 25 கிலோமீட்டர் வரை கடலிலும் சிக்னல் கிடைத்தது. படகிலிருந்தே விலை விசாரித்துக் கரை சேர்ந்தார்கள். வீணாகும் மீன் ஏறத்தாழ இல்லாமல் போயிற்று, மீனவரின் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. ஆகவே பேச்சும் விலைத் தகவலும்தான் பலன், மிஸ்டு கால் விளையாட்டு என்று வாதிடலாம். இந்தச் சித்திரத்தைப் பின்னால் ஜானகி ஸ்ரீனிவாசனும் ஜென்னா பர்ரலும் கேரளக் கரைகளில் மறுபடி விசாரித்து 2013இல் எழுதினார்கள். தரகரிடம் கடன்பட்ட மீனவர் எந்தச் சந்தையில் நல்ல விலையோ அங்கே போய்விட முடியாது. கடன் எங்கேயோ அங்கேதான் மீன் இறங்கும் என்று கண்டார்கள். நான் அதைவிட எளிய ஒன்றைச் சுட்ட விரும்புகிறேன். எடுத்தாலும் காசு என்ற அந்தக் கடினமான காலத்திலேயே கைபேசி அந்தப் படகுகளில் ஏறிவிட்டது. 2001க்குள் 60 சதவீதத்துக்கு மேற்பட்ட படகுகளில் இருந்தது. காலையில் செய்யும் செலவு மதியத்துக்குள் லாபமாகத் திரும்பும் தொழில் அது. அப்படிப்பட்ட தொழில் உள்ளவர்களிடம் கைபேசி எந்தக் கட்டணத்திலும் போய்ச் சேர்ந்திருக்கும். பெயின்டரும் பாத்திரம் தேய்க்கும் அம்மாவும் மீன் விலை விசாரிக்கப் போகிறவர்கள் இல்லை. அவர்களுக்கு வேண்டியது ‘நாளைக்கு வேலை இருக்கு, வா’ என்று ஒருவர் சொல்ல ஓர் எண். மத்தி மீன் ஆய்வு படகுக்காரரை விளக்குகிறது. 26 கோடியை விளக்க அது போதாது.

மூன்றாவது மறுப்புதான் எனக்குச் சங்கடமானது. இல்லாமையை இப்படிச் சாமர்த்தியமாகக் கொண்டாடலாமா என்பது அது. மிஸ்டு கால் கொடுத்தவர் திருப்பிக் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறார். எப்போது பேசுவது, எவ்வளவு பேசுவது, எப்போது வைப்பது எல்லாம் காசு கட்டுகிறவர் கையில். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மை. ரீசார்ஜ் செய்கிறவர் கணவனோ அண்ணனோ என்றால், மிஸ்டு கால் மட்டும் கொடுக்கக்கூடிய போன் ஒரு வகைக் கயிறு. போதாக்குறைக்கு, பெண் குரல் கேட்கும்வரை எண்களை மாற்றி மாற்றி மிஸ்டு கால் விடுவதையே பொழுதுபோக்காக வைத்திருந்த ஆண்கள் ஊருக்கு ஊர் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடை நோட்டுகளிலிருந்து பெண்களின் எண்கள் விற்கப்பட்டதை 2017இல் செய்தித்தாள்கள் வெளிக்கொண்டுவந்தன. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்த மறுப்பு என் கட்சியை அசைக்கவில்லை. கூப்பிடப்படும் வசதிதான் ஏழையிடம் கைபேசியைக் கொண்டுசேர்த்தது என்கிறேனே தவிர, அந்த வசதி ஏழையையும் பணக்காரரையும் சமமாக்கியது என்று சொல்லவில்லை. எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி நின்ற பெண்ணுக்கும் தன் முந்தானையில் முடிந்த போனில் அழைப்பு வாங்கிய பெண்ணுக்கும் வித்தியாசம் உண்டு என்பதும், அந்த வித்தியாசத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதும் இரண்டும் சரி.

நிறுவனங்கள் முதலில் மிஸ்டு காலைத் திருட்டுப் போல நினைத்தன. கோபுரத்தின் உழைப்பு போகிறது, வரும்படி இல்லை. பிறகு அதிலிருந்தே கற்றுக்கொண்டன. இதில் நெஞ்சைத் தொடும் கதை தென்னாப்பிரிக்காவில் நடந்தது. நகோசானா மகாட்டே என்ற இளைஞர் வோடகாம் நிறுவனத்தில் கணக்குப் பயிற்சியாளர். தூரத்தில் இருந்த காதலியிடம் பேசக் காசில்லை. கையில் காசில்லாதவர் தன்னைத் திருப்பிக் கூப்பிடச் சொல்ல ஒரு வழி வேண்டும் என்று 2000 நவம்பரில் ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தார். 2001இல் அது ‘ப்ளீஸ் கால் மீ’ என்ற இலவசச் சேவையாக வந்து கொடிகட்டிப் பறந்தது. ஊதியம் பேசலாம் என்று சொன்ன நிறுவனம் பின்னால் கைவிரித்தது. அதன் முன்னாள் தலைவர் யோசனை தன்னுடையது என்று சுயசரிதையில் எழுதிக்கொண்டார். மகாட்டே விடவில்லை. 2016 ஏப்ரலில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் மிஸ்டு கால் தானாகவே ஒரு தொழிலானது. பெங்களூருவில் 2010இல் தொடங்கிய ஜிப்டயல் நிறுவனம் விளம்பரதாரர்களுக்காக மிஸ்டு கால் எண்களை நடத்தியது. 2015இல் ட்விட்டர் அதை விலைக்கு வாங்கியது. 2011இல் அண்ணா ஹசாரே இயக்கம் ஆதரவைத் திரட்டியது மிஸ்டு காலில், 2014 நவம்பரில் பாரதிய ஜனதா கட்சி உறுப்பினர் சேர்க்கை தொடங்கியதும் மிஸ்டு காலில்.

உச்சகட்டம் 2019இல் வந்தது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் எண்ணைக் கூப்பிட்டால், முதல் நிறுவனம் இரண்டாவதுக்கு நிமிடத்துக்கு ஆறு பைசா தர வேண்டும் என்பது அன்றைய விதி. அப்போது சில நிறுவனங்கள் மணியடிக்கும் நேரத்தையே வெட்டின. 45 விநாடி வரை அடித்த மணி 25 விநாடியில், சிலதில் 20 விநாடியில் நின்றது. எடுப்பதற்குள் அழைப்பு அறுந்துபோகும். தவறவிட்டவர் திருப்பிக் கூப்பிடுவார். ஆறு பைசா திசை மாறிவிடும். ஆயிரம் கோடிகளில் புரளும் நிறுவனங்கள் ஆறு பைசாவுக்காக ஒன்றுக்கொன்று மிஸ்டு கால் விட்டுக்கொள்வதாகப் பரஸ்பரம் புகார் சொல்லிக்கொண்டன. சித்தாள் மேஸ்திரியிடம் காட்டிய சாமர்த்தியத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது. 2019 நவம்பர் 1 அன்று ட்ராய் தலையிட்டு, கைபேசியில் மணி 30 விநாடி, கம்பித் தொலைபேசியில் 60 விநாடி அடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2021 ஜனவரி 1 முதல் அந்த ஆறு பைசாவும் ஒழிந்தது. அதே நாளில் இந்தியன் ஆயில் நிறுவனம், மிஸ்டு கால் கொடுத்தால் காஸ் சிலிண்டர் பதிவாகும் வசதியை நாடு முழுவதும் தொடங்கிவைத்தது.

பேச்சு கிட்டத்தட்ட இலவசமாகிவிட்டது, இனி மிஸ்டு காலுக்கு வேலை என்ன என்று தோன்றலாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு நிமிடக் கணக்கு மறைந்தது உண்மை. ஆனால் நிமிடத்துக்கு விலை போன கையோடு வேறொன்றுக்கு விலை வந்தது. 2018 நவம்பர் வாக்கில் பெரிய தனியார் நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்ற விதியைக் கொண்டுவந்தன. 28 நாளுக்கு 35 ரூபாய். கட்டாவிட்டால் முதலில் வெளியே பேசுவது நிற்கும், சில நாளில் உள்ளே வருவதும் நின்றுபோகும். லைஃப் டைம் என்று 999 ரூபாய் கொடுத்தவர்களுக்கும் இதே கதிதான். பேசாமல், செலவழிக்காமல், வெறுமனே கூப்பிடப்படுவதற்காக எண்ணை வைத்திருந்த கிழவிகளும் கூலியாட்களும்தான் இந்த விதிக்கு இலக்கு. 2024 டிசம்பரில் ட்ராய், டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களை வைக்கச் சொன்னது. நல்ல உத்தரவுதான், ஆனால் கூப்பிடப்படுவதற்கு மட்டும் ஒரு சிறு விலை வை என்று அது சொல்லவில்லை. 2003 மேயில் இலவசமான உள்வரும் அழைப்பு இன்று மறுபடி காசுக்குத்தான் வருகிறது. 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிறகு ஒரு பெரிய நிறுவனத்தின் 28 நாள் அடிப்படைத் திட்டம் 199 ரூபாய் ஆனது. வருடத்துக்குப் பதின்மூன்று முறை கட்ட வேண்டியிருந்தது, 2,587 ரூபாய்.